மருத்துவமனைத் தொடர்களில் வரும் அவசரங்கள்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

அவசர சிகிச்சைப் பிரிவில் பல வருடம் செவிலியராக இருந்துவிட்டேன். அதனால் வீட்டில் யாராவது மருத்துவமனைத் தொடர் பார்த்தால் பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுவார்கள். நண்பர்கள் அர்த்தராத்திரியில் காட்சியை வெட்டி அனுப்பி "இது நிஜமா?" என்பார்கள். ஒரே கேள்விக்குப் பத்து பேரிடம் பதில் சொல்லி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே.

ஹார்ட் அட்டாக், கார்டியாக் அரெஸ்ட் ரெண்டும் ஒண்ணுதானே? தொடர்ல மாத்தி மாத்திச் சொல்றாங்க.

ஒன்றல்ல. மாரடைப்பு குழாய்ப் பிரச்சினை. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டு அந்தப் பகுதித் தசை சாகத் தொடங்குகிறது. ஆள் பெரும்பாலும் நினைவோடு இருப்பார், பேசுவார், வியர்த்துக் கொட்டும், நெஞ்சில் பாரம் என்பார். சிலர், முக்கியமாகப் பெண்களும் நீரிழிவு உள்ளவர்களும், நெஞ்சு வலியே இல்லாமல் மூச்சுத் திணறல், வாந்தி, தாடை வலி என்று மட்டும் வருவார்கள். இதய நிறுத்தம் என்றால் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளுவதே நின்றுபோவது. சில நொடிகளில் நினைவு போய்விடும், நாடி இருக்காது.

முதலாவது இரண்டாவதில் கொண்டுபோய் விடலாம், அதனால்தான் குழப்பம். தொடர்களில் நெஞ்சைப் பிடித்தவுடன் சரிந்து விழுவதாகக் காட்டுவது இரண்டையும் ஒரே காட்சியில் முடிக்க வசதியாக இருப்பதால். நிஜத்தில் பலர் "கேஸ் பிடிச்சிருக்கு" என்று மணிக்கணக்கில் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள், அதைப் படம் பிடித்தால் யார் பார்ப்பார்கள்?

மானிட்டர்ல கோடு நேரா போனதும் ஷாக் கொடுக்கிறாங்களே, உடனே இதயம் ஓட ஆரம்பிச்சுடுமா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான், எல்லாத் தொடர்களும் தப்பாகக் காட்டுவதும் இதைத்தான். நேர்க்கோட்டுக்கு ஷாக் கிடையாது. ஷாக் இதயத்தை 'ஸ்டார்ட்' செய்யும் கருவி என்று நினைக்கிறோம், அது செய்வது கிட்டத்தட்ட நேர் எதிர். இதயத்தின் மின்சாரம் தாறுமாறாகத் துடித்துக்கொண்டிருக்கும்போது (வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்பார்கள்) ஒரு ஷாக் அந்தக் குழப்பத்தை மொத்தமாக அடக்கும், அதன்பிறகு இதயத்தின் இயல்பான தாளம் தலையெடுக்க இடம் கிடைக்கும். நேர்க்கோட்டில் அடக்குவதற்குக் குழப்பம் எதுவும் இல்லை. அங்கே வேலை நெஞ்சை அழுத்துவதும், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை நரம்பில் 1 மில்லிகிராம் அட்ரினலின் கொடுப்பதும், ஏன் நின்றது என்று தேடுவதும்தான்.

சொல்லப்போனால் வார்டில் திடீரென்று கோடு நேரானால் முதலில் நோயாளியைப் பார்ப்போம். பாதி நேரம் அவர் பாட்டுக்குப் புரண்டு படுத்திருப்பார், நெஞ்சில் ஒட்டிய ஸ்டிக்கர் கழன்றிருக்கும்.

ரெண்டு தகட்டையும் தேய்ச்சுட்டு 'க்ளியர்'னு கத்துவாங்க, ஆள் கட்டில்ல இருந்து ஒரு அடி எகிறுவாரே?

தசை ஒரு தடவை வெட்டி இழுக்கும், தோள் கொஞ்சம் தூக்கும், அவ்வளவுதான். கைப்பிடித் தகடுகள் இன்று பெரும்பாலும் இல்லை, நெஞ்சில் ஒட்டுகிற பேடுகள் வந்துவிட்டன. 'யாரும் தொடாதீங்க' என்று சத்தம் போடுவது மட்டும் உண்மை.

அதற்கடுத்த நொடியைத்தான் தொடர்கள் அநியாயமாக மாற்றுகின்றன. ஷாக் கொடுத்தபின் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மானிட்டரைப் பார்ப்பார்கள், இசை நிற்கும், பிறகு ஒரு 'பீப்'. நாங்கள் மானிட்டரைப் பார்த்து நிற்க மாட்டோம். ஷாக் போன மறுகணமே அழுத்தத் தொடங்கி 2 நிமிடம் கழித்துத்தான் நிறுத்திப் பார்ப்போம்.

சிபிஆர் அவ்வளவு மெதுவாவா செய்வாங்க? கையை மடக்கி மடக்கி ஏதோ மசாஜ் மாதிரி இருக்கு.

நடிகர் உயிரோடு படுத்திருக்கிறார், அவர் நெஞ்சை நிஜமாக அழுத்தினால் விலா உடையும். அதனால்தான் முழங்கையை மடக்கி நடிக்கிறார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. நிஜத்தில் முழங்கை நேராக இருக்கும், உடம்பின் எடையே இறங்கும். பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. 2 நிமிடத்தில் செய்பவருக்கு மூச்சு வாங்கும், ஆள் மாற்றியே ஆக வேண்டும். விலா எலும்பு முறிவது சகஜம், முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கையில் உணர்ந்தபோது நான் நிறுத்திவிட்டேன், பக்கத்தில் இருந்த மூத்த சிஸ்டர் "நிறுத்தாதே, அழுத்து" என்று அதட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

அப்படின்னா எத்தனை பேர்தான் பிழைக்கிறாங்க?

1996-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. அமெரிக்காவில் ஓடிய மூன்று தொலைக்காட்சித் தொடர்களின் 97 அத்தியாயங்களை உட்கார்ந்து பார்த்து எண்ணியிருக்கிறார்கள். அவற்றில் 60 தடவை சிபிஆர் நடந்தது, 75 சதவீதம் பேர் அந்த நேரத்தில் பிழைத்தார்கள், 67 சதவீதம் பேர் வீடு திரும்பும் அளவுக்குத் தேறினார்கள். இன்னொன்றும் கவனித்தார்கள்: திரையில் இதயம் நின்றவர்களில் 65 சதவீதம் குழந்தைகளும் இளைஞர்களும். நிஜத்தில் பெரும்பாலும் வயதானவர்கள், ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள்.

மருத்துவமனைக்குள்ளேயே இதயம் நின்றால் ஏறக்குறைய நால்வரில் அல்லது ஐவரில் ஒருவர் வீடு திரும்புகிறார். வெளியே தெருவிலோ வீட்டிலோ நின்றால், நல்ல ஆம்புலன்ஸ் வசதி உள்ள நாடுகளிலேயே பத்தில் ஒருவர் அளவுதான். இதைச் சொன்னால் "அப்போ எதுக்கு அழுத்தணும்?" என்று கேட்கிறார்கள். யாரும் அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் இறங்குகிறது, அதனால்தான்.

நெஞ்சுக்குள்ள நேரா இதயத்துலயே ஊசி போடுறாங்களே?

ஒரு காலத்தில் செய்தார்கள். நுரையீரலைக் குத்தும், இதயக் குழாயைக் கிழிக்கும், அழுத்துவதையும் நிறுத்தவேண்டி வரும் என்பதால் கைவிட்டாயிற்று. இப்போது கை நரம்பு, அது கிடைக்காவிட்டால் கால் எலும்புக்குள் ஊசி. எலும்புக்குள் போடுவதை ஏன் எந்த இயக்குநரும் காட்டுவதில்லை என்று தெரியவில்லை, பார்க்க அதுதான் பயங்கரமாக இருக்கும்.

வென்டிலேட்டர்ல இருக்கிற அம்மா மகன்கிட்ட கடைசியா ரெண்டு வார்த்தை பேசுறாங்களே, முடியுமா?

வாய் வழியாகப் போகும் குழாய் குரல் நாண்களுக்கு நடுவில்தான் இறங்குகிறது. காற்று நாண்களைத் தொடாமல் குழாய்க்குள்ளேயே போய்வரும், எனவே சத்தம் வராது. கண்ணாலும் கையாலும்தான் பேசுவார்கள், எழுதிக் காட்டுவார்கள், பலருக்கு மயக்க மருந்தும் ஓடிக்கொண்டிருக்கும்.

தொடர்களில் 'வென்டிலேட்டரில் இருக்கிறார்' என்பார்கள், பார்த்தால் மூக்கில் ஒரு மெல்லிய ஆக்ஸிஜன் டியூப் மட்டும் இருக்கும். நடிகரின் முகம் தெரிய வேண்டுமே. அந்த டியூபோடு உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கோமால ரெண்டு வருஷம் இருந்தவர் கண்ணைத் திறந்து "நான் எங்க இருக்கேன்?"னு கேட்கிறார். நடக்குமா?

அப்படி நடக்காது. உண்மையான கோமா, அதாவது கண்ணே திறக்காத நிலை, சில வாரங்களுக்கு மேல் நீடிப்பது அரிது. அதற்குள் ஒன்று தேறுவார், அல்லது இறந்துபோவார், அல்லது கண் திறந்திருக்கும் ஆனால் சூழலை உணராத நிலைக்குப் போவார். இந்த மூன்றாவதுதான் குடும்பங்களுக்குப் பெரிய சித்திரவதை. கண் திறந்திருக்கிறது, கொட்டாவி விடுகிறார், தூங்கி விழிக்கிறார், ஆனால் ஆள் அங்கே இல்லை. தொடர்கள் இதைக் கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை.

தேறுவதும் பல்ப் போட்டதுபோல் நடக்காது. 1974-இல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜெனட் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு அளவுகோல் கொடுத்தார்கள். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. ஒன்றுமே இல்லாவிட்டாலும் 3. அந்த எண் இன்று 6, நாலு நாள் கழித்து 8, பிறகு 9 என்று ஏறுவதைத்தான் சார்ட்டில் பார்ப்போம். எழுந்தபிறகு குழப்பம், கோபம், ஆள் அடையாளம் தெரியாமை எல்லாம் இருக்கும். நீண்ட நாள் படுத்தவருக்குத் தசை கரைந்து கை கால் குச்சியாகியிருக்கும், விழுங்கவே பழக்க வேண்டும். வழித்த தாடியோடும் படிய வாரிய தலையோடும் எழுந்து உட்காருவதெல்லாம் திரையில் மட்டும்.

தலையில அடிபட்டு எல்லாம் மறந்துடுச்சு, மறுபடி அடிபட்டதும் ஞாபகம் வந்துடுச்சு. இது எப்படி?

கதாசிரியருக்கு வேறு வழி தெரியவில்லை, அப்படித்தான். மூளைக் காயத்தில் வழக்கமாக மறப்பது விபத்தை ஒட்டிய நேரமும், அதற்குப் பிறகு நடக்கும் புதிய விஷயங்களும். அரை மணி நேரத்துக்கு முன் வந்து போனவரை மறந்திருப்பார், தன் பெயரையும் மனைவியையும் தெரிந்து வைத்திருப்பார். திரையில் நேர் தலைகீழ்: பெயர் மறந்துவிடும், புது விஷயமெல்லாம் நன்றாக நினைவில் நிற்கும். இரண்டாவது அடி காயத்தை மோசமாக்கும், வேறொன்றும் செய்யாது.

வலிப்பு வந்தவரை நாலு பேர் அமுக்கிப் பிடிச்சு வாயில ஸ்பூன் வைக்கிறாங்க. அதுதானே சரி?

தயவுசெய்து வேண்டாம். நாக்கை யாராலும் விழுங்க முடியாது. வாயில் எதையாவது திணித்தால் பல் உடைந்து மூச்சுக்குழாயில் போகும், உங்கள் விரலும் போகும். அமுக்கிப் பிடித்தால் தோள் நழுவும். சுற்றி உள்ள கூரான பொருட்களை நகர்த்துங்கள், தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ, முதல் தடவை வலிப்பு என்றாலோ ஆம்புலன்ஸ்.

குண்டை வெளியே எடுத்து 'டிங்'னு கிண்ணத்துல போட்டதும் ஆபத்து நீங்கிடுச்சுன்னு சொல்றாரே டாக்டர்?

குண்டு உள்ளே இருப்பது பெரும்பாலும் பிரச்சினையே இல்லை. அது போன வழியில் எதைக் கிழித்தது, எவ்வளவு ரத்தம் போகிறது என்பதுதான் பிரச்சினை. ரத்தத்தை நிறுத்திவிட்டு குண்டை அப்படியே விட்டுவிடுவது சாதாரணம். அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1912-இல் நெஞ்சில் வாங்கிய குண்டோடு 1919-இல் சாகும்வரை வாழ்ந்தார். அதற்கு எதிர் உதாரணம் அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட். 1881 ஜூலையில் சுடப்பட்டார், குண்டைத் தேடுகிறோம் என்று மருத்துவர்கள் கழுவாத கையையும் கருவியையும் காயத்துக்குள் விட்டுத் துழாவினார்கள், சீழ் பிடித்து செப்டம்பரில் இறந்தார்.

குத்திய கத்தியை உருவுவதும் இதே வகை. கத்தி ஒரு அடைப்பாகவும் இருக்கலாம், உருவினால் ரத்தம் பீறிடும். அசையாமல் சுற்றிலும் துணி கொடுத்து அப்படியே கொண்டுவாருங்கள்.

ஓட்டல்ல ஒருத்தருக்குத் தொண்டை அடைச்சதும் ஹீரோ பேனாவை எடுத்துக் கழுத்துல குத்திக் காப்பாத்துறார்...

பெரும்பாலான பேனாக் குழாய் வழியே போதிய காற்று போகாது, அந்தக் குழாயைக் கழற்றுவதே பெரும்பாடு. கழுத்தில் சரியான இடத்துக்கு இரண்டு விரல் தள்ளிப் பெரிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. மருத்துவர்களே மற்ற வழி எல்லாம் தோற்றபிறகுதான் கழுத்தைத் திறப்பார்கள், கை நடுங்கும். ஓட்டலில் செய்யவேண்டியது வேறு: இருமச் சொல்லுங்கள், இரும முடியாவிட்டால் தோள்பட்டைகளுக்கு நடுவில் 5 தட்டு, பிறகு பின்னால் நின்று வயிற்றில் உள்நோக்கி மேல்நோக்கி 5 அழுத்தம், மாற்றி மாற்றி. நினைவிழந்து விழுந்தால் நேராகச் சிபிஆர். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வயிற்றில் அழுத்தக் கூடாது, கர்ப்பிணிக்கு நெஞ்சில் அழுத்த வேண்டும்.

மயங்கி விழுந்த பொண்ணோட நாடியைப் பிடிச்சுட்டு "இனிப்பு கொடுங்க, நல்ல செய்தி"ன்னு டாக்டர் சொல்றார். நாடியில தெரியுமா?

தெரியாது. கர்ப்பத்தில் நாடி கொஞ்சம் வேகமாகும், காய்ச்சலிலும் பயத்திலும் மாடி ஏறி வந்தாலும்கூடத்தான் ஆகும். உறுதி செய்வது சிறுநீரிலோ ரத்தத்திலோ பார்க்கும் ஹார்மோன் பரிசோதனை. எனக்கு உறுத்துவது வேறு: கர்ப்பம் தரிக்கக்கூடிய வயதுப் பெண் வயிற்று வலியோடு மயங்கி விழுந்தால் நாங்கள் முதலில் பயப்படுவது கருக்குழாயில் கரு தங்கி வெடித்திருக்குமோ என்று. அது உயிர் போகிற அவசரம்.

"தாயா குழந்தையா, ஒரு உயிரைத்தான் காப்பாத்த முடியும், கையெழுத்துப் போடுங்க"ன்னு கணவன்கிட்ட கேட்பாங்களா?

என் அனுபவத்தில் ஒருமுறைகூட யாரும் அப்படி வராந்தாவில் வந்து கேட்டதில்லை. பிரசவ நேரத்து அவசரங்களில் பெரும்பாலானவற்றில் இரண்டு உயிருக்கும் ஒரே சிகிச்சைதான். ரத்த அழுத்தம் எகிறி வலிப்பு வந்தாலும், நச்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்து ரத்தம் கொட்டினாலும், தாயின் நிலையைச் சமாளித்துக்கொண்டே குழந்தையை வெளியே எடுப்பதுதான் வழி. மோதல் வருமென்றால் தாயின் உயிர்தான் முன்னால் நிற்கும்.

இதன் உச்சம், நிறைமாத கர்ப்பிணிக்கு இதயமே நின்றுவிடுவது. அப்போது சிபிஆர் செய்துகொண்டே, அதே இடத்தில், 5 நிமிடத்துக்குள் குழந்தையை எடுக்கப் பார்ப்பார்கள். குழந்தைக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். கனத்த கருப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்திக்கொண்டு இதயத்துக்கு ரத்தம் திரும்பவிடாமல் செய்கிறது, அது காலியானால்தான் நெஞ்சை அழுத்துவதே பலிக்கும்.

ரத்தக் குரூப் பொருந்தலை, அதனால இவன் என் பிள்ளை இல்லைன்னு ஒரு சீன். குரூப்பை வச்சுச் சொல்லலாமா?

பல சமயம் எழுதுபவர்களே கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். பெற்றோர் இருவரும் ஏ குரூப், பிள்ளை ஓ என்றால் ஒன்றும் தப்பில்லை, இருவரும் ஓ மரபணு ஒன்றை ஒளித்து வைத்திருக்கலாம். அப்பா ஏ, அம்மா பி என்றால் பிள்ளை நாலு குரூப்பில் எதுவாகவும் இருக்கலாம். உறுத்தவேண்டியது, ஒருவர் ஓ, பிள்ளை ஏபி என்பதுபோன்ற சேர்க்கை.

அதிலும் விதிவிலக்கு உண்டு. 1952-இல் மும்பையில் கண்டறியப்பட்டதால் பாம்பே குரூப் என்று பெயர் பெற்ற அரிய வகை, சாதாரணப் பரிசோதனையில் ஓ என்றே காட்டும். ஆனால் அவரிடம் ஏ அல்லது பி மரபணு வெளிப்படாமல் இருக்கலாம், அது பிள்ளைக்குப் போய் வெளிப்படும். இவர்களுக்கு 'யாருக்கும் கொடுக்கலாம்' என்கிற ஓ நெகட்டிவ்கூட ஏற்றக் கூடாது, இன்னொரு பாம்பே குரூப் ஆளைத்தான் தேட வேண்டும். ஆக, குரூப் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பத்தைப் பிரிக்காதீர்கள், சந்தேகமென்றால் டிஎன்ஏ பரிசோதனை இருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் படுத்து ஒருவர் உடம்பிலிருந்து மற்றவருக்கு நேரடியாகக் குழாய் விடுவதும் கிடையாது, எடுத்த ரத்தத்தில் நோய்த் தொற்று பார்க்காமல் ஏற்ற முடியாது.

கெட்ட செய்தி கேட்டதும் நெஞ்சைப் பிடிச்சுட்டு விழுறது சும்மா நாடகத்தனம்தானே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1990-இல் ஜப்பான் மருத்துவர்கள் டகோட்சுபோ என்று ஒன்றுக்குப் பெயர் வைத்தார்கள். ஆக்டோபஸ் பிடிக்கும் பானைக்கு அங்கே அந்தப் பெயர். துக்கமோ பயமோ தாக்கிய சில மணி நேரத்தில் இதயத்தின் இடது அறை நுனி உப்பி அந்தப் பானை வடிவத்துக்கு வந்துவிடும். வலி, இசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் முதல் பதிலில் சொன்ன மாரடைப்பு மாதிரியே இருக்கும், இதயக் குழாயைப் படமெடுத்துப் பார்த்தால் அடைப்பு இருக்காது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அதிகம் வருகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். தொடர்கள் தற்செயலாகச் சரியாகச் சொன்ன ஒரு விஷயம்.

இந்தத் தொடர்களால யாருக்காவது பிரயோஜனம் உண்டா?

ஒன்று உறுதியாகத் தெரியும். ஜெர்மனியில் மார்பர்க் நகர மருத்துவமனைக்கு 2012-இல் 55 வயது ஆள் ஒருவர் வந்தார். இதயம் செயலிழக்கிறது, பார்வையும் கேட்கும் திறனும் குறைகின்றன, காரணம் தெரியவில்லை. ஹவுஸ் என்ற அமெரிக்கத் தொடரை வைத்து மாணவர்களுக்குப் பாடம் நடத்திவந்த யூர்கன் ஷேஃபர் என்ற மருத்துவருக்கு, அதில் இடுப்பு மூட்டு உலோகத்தால் கோபால்ட் நஞ்சேறிய ஒரு கதை நினைவுக்கு வந்தது. இவருக்கும் உலோக மூட்டுதான். ரத்தத்தில் கோபால்ட் எக்கச்சக்கம். மூட்டை மாற்றியபின் நிலை முன்னேறியது, 2014-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அதே தொடரில் மருத்துவரே ஸ்கேன் எடுத்து, லேபில் பார்த்து, அறுவையும் செய்வது மட்டும் சுத்தப் புளுகு.

"48 மணி நேரம் போனாத்தான் சொல்ல முடியும்"னு டாக்டர் சொல்றது சும்மா இழுக்கத்தானே?

இதை நாடகம் நிஜத்திலிருந்துதான் எடுத்திருக்கிறது. இதயம் நின்று திரும்ப ஓடத் தொடங்கியவருக்கு மூளை எவ்வளவு தேறும் என்று குறைந்தது 72 மணி நேரமாவது போகாமல் முடிவு சொல்லக் கூடாது. மயக்க மருந்து இறங்க வேண்டும், உடல் வெப்பம் சீராக வேண்டும். அவசரப்பட்டு 'தேற மாட்டார்' என்று சொல்லி, தேறக்கூடிய ஒருவரைக் கைவிட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. மருத்துவர் மழுப்புகிறார் என்று வெளியே கோபப்படுவார்கள், உள்ளே அவரும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

மூளைச்சாவுன்னு சொன்னப்புறம் ஹீரோயின் கையைப் பிடிச்சதும் விரல் அசைஞ்சுது, பிழைச்சுட்டார். அப்படி நடக்காதா?

மூளைச்சாவும் கோமாவும் வேறு வேறு. மேலே சொன்ன கோமாவில் மூளைத்தண்டு வேலை செய்கிறது, பலர் தாமாகவே மூச்சு விடுவார்கள். மூளைச்சாவில் தண்டும் போய்விட்டது. கண்ணில் வெளிச்சம் அடித்தால் பாவை சுருங்காது, குழாயால் தொண்டையைச் சீண்டினால் இருமல் வராது. கடைசியாக வென்டிலேட்டரை நிறுத்தி, ரத்தத்தில் கரியமில வாயு ஏறவிட்டு, ஒரு மூச்சாவது எடுக்கிறாரா என்று பார்ப்பார்கள். இவை எதற்கும் பதில் இல்லையென்றால்தான் அந்த வார்த்தையைச் சொல்வார்கள், அது சட்டப்படியும் மரணம்.

விரல் அசையுமா என்றால், அசையலாம். தண்டுவடம் மட்டும் உயிரோடு இருப்பதால் விரல் துடிக்கும், கால் இழுக்கும், சில சமயம் இரண்டு கையும் நெஞ்சுவரை எழும்பி இறங்கும். நெஞ்சு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாக இருக்கிறது, கை அசைகிறது. பக்கத்தில் நிற்கிற மகள் "அப்பா அசைஞ்சார் சிஸ்டர், பாருங்க" என்று கையைப் பிடித்து இழுப்பாள். டிவியில் அந்த மாதிரி எழுந்தாரே என்பாள். அந்த இடத்தில் தண்டுவடம் பற்றி விளக்க எனக்கு ஒருமுறைகூட நன்றாக வந்ததில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன்.